கன்டென்சேட் குழாய்க்கு ஃப்ளோ மீற்றர் வாங்கப் போகிறவர்களுக்கு

திருகோணமலை நகருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பகுதியில் வேலை செய்கிறேன். மணிக்கு 3 தொன் நீராவி தரும் பொயிலர் ஒன்று எங்களிடம் இருக்கிறது. நீராவி தன் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீராகி வருவதுதான் கன்டென்சேட். பொயிலர் அறையில் அதை 'ரிட்டேர்ன் தண்ணி' என்போம். அது எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கச் சொன்னார்கள். ஒரு மீற்றர் வாங்கிப் பூட்டினால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடிக்க ஏழு மாதம் ஆனது, இரண்டு மீற்றர் வாங்க வேண்டி வந்தது.

முதல் மீற்றரை விற்றவர்களின் விபரப் புத்தகத்தில் 'கன்டென்சேட்டுக்கு ஏற்றது' என்று தெளிவாக எழுதியிருந்தது. அது பொய்யல்ல. எந்த இடத்தில் ஓடும் கன்டென்சேட் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வியை முன்பே கேட்டிருந்தால் பல மாதம் மிஞ்சியிருக்கும். தம்பலகாமத்தில் புழுங்கல் ஆலை வைத்திருந்தாலும் சரி, கப்பல்துறைப் பக்கம் புதிதாகத் தொழிற்சாலை போட்டாலும் சரி, கீழே உள்ள ஒழுங்கில் போங்கள்.

1. மீற்றர் உண்மையிலேயே வேண்டுமா என்று பாருங்கள்

பொயிலருக்குள் போகும் தண்ணீரை அளக்க ஒரு மீற்றரும், ஃபீட் டேங்கில் (பொயிலருக்குத் தண்ணீர் கொடுக்கும் டேங்க்) புதிதாகச் சேர்க்கும் குளிர்ந்த தண்ணீரை அளக்க ஒரு மீற்றரும் இருந்தால், கன்டென்சேட் கணக்கு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். வருவது திரும்பிய தண்ணீர். டேங்க் வழிந்து ஓடாமலும், கணக்கின் தொடக்கத்திலும் முடிவிலும் தண்ணீர் மட்டம் ஒன்றாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குளிர்ந்த தண்ணீர் மீற்றர் மலிவு, பழுதும் குறைவு. மாதத்துக்கு ஒரு எண் போதும் என்பவர்கள் இதோடு நின்றுவிடலாம் என்பதே என் கருத்து.

இரண்டு மீற்றரும் இல்லாவிட்டால், மின்கடத்துதிறன் அளக்கும் சிறிய கைக்கருவி ஒன்று போதும், குத்துமதிப்பான விடை கிடைக்கும். மூன்று மாதிரி எடுங்கள்: புதிய தண்ணீர், கன்டென்சேட், இரண்டும் கலந்த ஃபீட் தண்ணீர். உதாரணமாக புதிய தண்ணீர் 400 மைக்ரோசீமன்ஸ், கன்டென்சேட் 10, ஃபீட் 160 என்று வந்தால், (400 − 160) ஐ (400 − 10) ஆல் வகுங்கள். 0.615 வரும். அதாவது ஃபீட் தண்ணீரில் ஏறத்தாழ 62 சதவீதம் திரும்பி வந்தது. பொயிலர் மருந்து ஊற்றும் இடத்துக்கு முன்னால் மாதிரி எடுக்க வேண்டும். மருந்து கலந்துவிட்டால் கணக்குப் பிழைக்கும்.

எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு வருகிறது, எந்த நேரத்தில் குறைகிறது என்று தெரிய வேண்டியவர்களுக்குத்தான் தனி மீற்றர் தேவை. எங்களுக்கு அது தேவைப்பட்டது.

2. தண்ணீர் தண்ணீராக ஓடும் இடத்தைத் தேடுங்கள்

இந்தப் படியில்தான் நான் விழுந்தேன், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் மீற்றரை ஸ்டீம் ட்ரப்புகளுக்கும் (நீராவியை மறித்து, தண்ணீரை மட்டும் வெளியே விடும் வால்வுகள்) சேகரிப்பு டேங்கிற்கும் நடுவில், சரிவில் தானாக இறங்கி வரும் 2 அங்குலக் குழாயில் பூட்டினோம். காலையில் வேலை தொடங்கும்போது முள் உச்சிக்குப் போய் நின்றது. இரவில் பூச்சியம். டேங்கிலோ இரண்டு நேரமும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. மீற்றர் பழுது என்று கடிதம் எழுதத் தயாராகிவிட்டேன். அப்போது எங்கள் பொயிலர் ஒப்பரேட்டர், கிண்ணியாவைச் சேர்ந்த நானா, நீளமான ஸ்குரூ ட்ரைவர் ஒன்றை எடுத்து அதன் நுனியைக் குழாயில் ஊன்றி, கைபிடியைக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, இது தண்ணி ஓடுற சத்தமில்லை. நீங்களே வெச்சுக் கேளுங்க" என்றார். கேட்டேன். காற்று சீறுவது போல ஒரு இரைச்சல், நடுவில் 'டொக் டொக்' என்று ஏதோ முட்டும் ஓசை.

காரணம் இதுதான். 5 பார் அழுத்தத்தில் இருக்கும் கன்டென்சேட்டின் சூடு ஏறத்தாழ 159 பாகை செல்சியஸ். ட்ரப்பைத் தாண்டி, அழுத்தமில்லாத குழாய்க்குள் வந்தவுடன் அதனால் 100 பாகைக்கு மேல் தண்ணீராக இருக்க முடியாது. மிஞ்சிய சூட்டில் ஒரு பங்கு மறுபடி கொதித்து நீராவியாகிறது. இதை ஃப்ளாஷ் ஸ்டீம் என்பார்கள். நிறையில் பார்த்தால் 11 சதவீதம்தான். கனவளவில் பார்த்தால் கதை வேறு: ஒரு கிலோ கன்டென்சேட்டிலிருந்து ஏறத்தாழ 187 லீற்றர் நீராவி, அதோடு ஒரு லீற்றருக்கும் குறைவான தண்ணீர். குழாயை நிரப்பிக்கொண்டு ஓடுவது நீராவி. தண்ணீர் அடியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. தண்ணீருக்கென்று செய்த எந்த மீற்றராலும் இதை அளக்க முடியாது, எவ்வளவு விலை கொடுத்தாலும்.

ஆகவே மீற்றருக்குரிய இடம், சேகரிப்பு டேங்கிலிருந்து பம்ப் தள்ளும் பக்கம். டேங்கிற்கு மேலே காற்றுக்குழாய் இருந்தால் நீராவி அதன் வழியே பிரிந்து போய்விடும். பம்ப் அழுத்தம் கொடுப்பதால் குழாய் முழுக்கத் தண்ணீர் இருக்கும். அங்கேயும் கீழிருந்து மேலே ஏறும் குழாய் இருந்தால் அதையே தெரிவு செய்யுங்கள். கீழே இறங்கும் குழாயும், கூரை உயரத்தில் படுத்திருக்கும் குழாயும் பாதி வெறுமையாக ஓடலாம்.

பம்பே இல்லாமல் சரிவிலேயே ஃபீட் டேங்க் வரை போகும் ஆலைகள் இங்கே உண்டு. அவர்களுக்கு என் ஆலோசனை: முதலில் டேங்கும் பம்பும், பிறகு மீற்றர். அல்லது முதல் படியில் சொன்ன கழித்தல் கணக்கு.

3. டேங்கையும் கைக்கடிகாரத்தையும் வைத்து அளந்துகொள்ளுங்கள்

மீற்றர் விற்பவர் முதலில் கேட்பது 'குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு' என்பதைத்தான். பொயிலரின் அளவைப் பார்த்து ஊகித்துச் சொல்லாதீர்கள். செலவில்லாமல் அளக்கலாம்.

எங்கள் சேகரிப்பு டேங்க் 100 சென்றிமீற்றர் நீளம், 80 அகலம். அப்படியென்றால் 10 சென்றிமீற்றர் உயரத்தில் 80 லீற்றர். பம்பை நிறுத்திவிட்டு, மட்டக் கண்ணாடியில் இரண்டு கோடு போட்டு, தண்ணீர் 10 சென்றிமீற்றர் ஏற எடுக்கும் நேரத்தைக் குறித்தோம். காலையில் இயந்திரங்கள் சூடேறும்போது 2 நிமிடம், அதாவது மணிக்கு 2,400 லீற்றர். பகலில் 3 நிமிடம் 12 விநாடி, மணிக்கு 1,500. இரவில் 8 நிமிடம், மணிக்கு 600.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மீற்றர் பம்ப் பக்கத்தில் இருக்கப் போகிறது. பம்ப் மணிக்கு 600 லீற்றர் தள்ளாது. மிதவை சொல்லும்போது ஓடும், தள்ளும், நிற்கும். ஓடும்போது தள்ளும் வேகம்தான் மீற்றருக்குத் தெரியும். அதையும் அளந்தோம்: பகலில் பம்ப் ஓடிய 4 நிமிடத்தில் மட்டம் 20 சென்றிமீற்றர் இறங்கியது. அது 160 லீற்றர். அந்த 4 நிமிடத்தில் உள்ளே வந்தது 100 லீற்றர். ஆக 4 நிமிடத்தில் 260 லீற்றர், மணிக்கு 3,900. சராசரி 1,500 என்று எழுதிக் கொடுத்திருந்தால் மீற்றரின் அளவு தவறியிருக்கும்.

மின்சாரம் இல்லாமல் நீராவி அழுத்தத்தில் தள்ளும் பம்ப் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது சில விநாடிகளில் ஒரே தள்ளாகத் தள்ளும். அந்த உச்ச வேகம் சராசரியைப் போலப் பல மடங்கு இருக்கும்.

டேங்க் இல்லாத கிளைக் குழாய்களுக்கு ஒரு பரலில் 100 லீற்றர் குளிர்ந்த தண்ணீர் விட்டு, தராசில் நிறுத்து, கன்டென்சேட்டைத் தண்ணீருக்கு அடியில் ஒரு நிமிடம் விட்டு, மறுபடி நிறுத்துப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் ஃப்ளாஷ் ஸ்டீமையும் உறிஞ்சிக்கொள்ளும். பரல் 60 பாகையைத் தொட்டால் நிறுத்திவிடுங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூடு என்று நினைத்து யாரும் கைவைத்துவிடக் கூடாது. இது தோலை உரித்துவிடும்.

4. தண்ணீரின் குணத்தைப் பாருங்கள்

மூன்று விடயம் போதும்: சூடு, மின்கடத்துதிறன், துரு.

சூட்டைக் குழாயின் வெளிப்பக்கத்தில் அளந்தால் சில பாகை குறைவாகக் காட்டும். டேங்கிற்குள்ளே அளப்பது நல்லது. எங்களுக்கு 88 முதல் 94 வரை.

மின்கடத்துதிறனுக்கு மாதிரியை ஆறவைத்து எடுங்கள். செப்புக் குழாயைச் சுருளாக வளைத்து ஐஸ் வாளிக்குள் விட்டு, அதன் வழியாக இறக்கினால் சரி. எங்களுடையது பெரும்பாலும் 6 முதல் 9 மைக்ரோசீமன்ஸ் வரை இருந்தது, சில நாட்களில் 4. கன்டென்சேட் என்பது ஏறத்தாழ வடித்த தண்ணீர். உப்பு இல்லாததால் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். இந்த எண் அடுத்த படியில் ஒரு வகை மீற்றரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடும்.

துருவுக்கு ஒரு வெள்ளைத் துணியில் ஒரு வாளி தண்ணீரை வடித்துப் பாருங்கள்.

5. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

மின்காந்த மீற்றர். தண்ணீர்க் குழாய்களில் எல்லோரும் விரும்பும் வகை. உள்ளே தடை இல்லை, அசையும் பாகம் இல்லை. ஆனால் தண்ணீர் மின்சாரம் கடத்த வேண்டும். பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தது 5 மைக்ரோசீமன்ஸ் தேவை, உப்பு நீக்கிய தண்ணீருக்கு 20 கேட்கும் தயாரிப்புகளும் உண்டு. 4 வரை இறங்கும் எங்களுக்கு அது சரிவராது. உங்கள் எண் எந்நாளும் 30, 40 என்று இருந்தால் தாராளமாக யோசிக்கலாம். அப்போதும் உட்பூச்சு என்ன என்று கேளுங்கள். கடின இறப்பர் பூச்சு பெரும்பாலும் 90 பாகையில் தாங்காது. டெஃப்லொன் வகைப் பூச்சு வேண்டும்.

வோர்டெக்ஸ். ஓட்டத்தின் நடுவில் ஒரு குறுக்குத் தண்டு, அதன் பின்னால் உண்டாகும் சுழிகளை எண்ணுகிறது. மின்கடத்துதிறன் தேவையில்லை, சூட்டைத் தாங்கும். குறை என்னவென்றால், மெல்ல ஓடினால் ஒன்றுமே காட்டாது. பலவற்றுக்குத் தண்ணீரில் விநாடிக்கு 0.3 முதல் 0.5 மீற்றர் வேகமாவது வேண்டும். குழாய் அதிர்ந்தால் அதையும் சுழி என்று எண்ணிவிடக் கூடும்.

சூடான தண்ணீருக்கான பொறிமுறை மீற்றர். வீட்டுத் தண்ணீர் மீற்றரைப் போன்றதுதான், சூடு தாங்கும் பாகங்களோடு. விலையில் குறைந்தது இதுதான். முகப்பில் டி90, டி130, டி180 என்று வெப்பநிலை வகுப்பு எழுதியிருக்கும். டி30, டி50 என்றிருந்தால் அது குளிர்ந்த தண்ணீருக்கு. கன்டென்சேட்டில் போட்டால் உள்ளே உள்ள பிளாஸ்டிக் சக்கரங்கள் வளைந்துவிடும். 94 பாகை வரும் எங்களுக்கு டி90 கூடப் போதாது. சிறிய ஆலைகளுக்கு நான் முதலில் சொல்வது டி130 மீற்றரைத்தான். துரு அதற்குப் பகை, ஆகவே வடிகட்டி இல்லாமல் போடாதீர்கள்.

டர்பைன். சுத்தமான தண்ணீரில் துல்லியமானது. ஒரு முறை நீராவிக் கட்டி உள்ளே புகுந்தால் விசிறி கட்டுப்பாடில்லாமல் சுற்றி பெயாரிங் போய்விடும். கன்டென்சேட்டுக்கு நான் வாங்க மாட்டேன்.

ஒரிஃபிஸ் தட்டு. ஓட்டம் நாலில் ஒன்றாகக் குறைந்தால் அழுத்த வேறுபாடு பதினாறில் ஒன்றாகிவிடும். கூடக்குறைய ஓடும் குழாய்க்குப் பொருந்தாது. ஒரே வேகத்தில் தள்ளும் பம்புக்குப் பின்னால் போடலாம்.

வெளியே கட்டும் அல்ட்ராசொனிக். குழாயை வெட்டத் தேவையில்லை. குமிழி இருந்தாலோ, உள்ளே துரு தடித்திருந்தாலோ தடுமாறும். நிரந்தரமாகப் பூட்டுவதைவிட, இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள். சென்சருக்குப் பூசும் பசை 100 பாகை தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பசை உருகி வழிந்துவிடும்.

கொரியோலிஸ். நேரே கிலோவில் அளக்கும், முன்னும் பின்னும் நேர்க்குழாய் தேவையில்லை. விலை மற்ற எல்லாவற்றையும் விடப் பல மடங்கு. பொயிலர் அறைக்கு அந்தத் துல்லியம் தேவையில்லை.

நாங்கள் கடைசியில் வோர்டெக்ஸில் நின்றோம்.

6. குழாயின் அளவுக்கு வாங்காதீர்கள்

குழாய் 2 அங்குலம், ஆகவே மீற்றரும் 2 அங்குலம். முதல் மீற்றரை, அதுவும் வோர்டெக்ஸ்தான், இப்படித்தான் வாங்கினேன். இடம் தவறு என்று தெரிந்த பிறகு அதே மீற்றரைக் கழற்றிப் பம்ப் பக்கத்தில் பூட்டிப் பார்த்தோம். இப்போது உள்ளே முழுத் தண்ணீர். ஆனாலும் சில நேரம் காட்டும், சில நேரம் பூச்சியம்.

கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கியது. மணிக்கு 3.9 கனமீற்றர் தண்ணீர், 52.5 மி.மீ. உள்விட்டமுள்ள 2 அங்குலக் குழாயில் விநாடிக்கு 0.5 மீற்றர் வேகத்தில் ஓடும். வோர்டெக்ஸ் காட்டத் தொடங்கும் விளிம்பிலேயே நிற்கிறது. ஒன்றரை அங்குலத்தில் 0.82. ஒரு அங்குலத்தில் 1.95. ஒரு அங்குல மீற்றர்தான் பொருத்தம். இரண்டாவது மீற்றரை அந்த அளவில் வாங்கி, இரண்டு பக்கமும் ரெடியூசர் (பெரிய குழாயைச் சிறியதோடு இணைக்கும் துண்டு) வைத்துப் பூட்டினோம். அன்றிலிருந்து ஒழுங்காகக் காட்டுகிறது.

சிறிய மீற்றரில் அழுத்தம் இழக்கும். தண்ணீர் 90 பாகைக்கு மேல் சூடாக இருப்பதால், அழுத்தம் மிகவும் குறைந்தால் மீற்றருக்குள்ளேயே கொதித்துவிடும். 95 பாகைத் தண்ணீர் கொதிக்காமல் இருக்க ஏறத்தாழ 0.85 பார் தனியழுத்தம் (வெற்றிடத்தைப் பூச்சியமாக வைத்து எண்ணும் அழுத்தம்) வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். மீற்றருக்குப் பின்னால் எவ்வளவு உயரம் தண்ணீர் ஏறுகிறது, பம்ப் எவ்வளவு தள்ளுகிறது என்பதை விற்பவரிடம் கொடுத்து, அழுத்த இழப்பை எழுத்தில் கேளுங்கள். வாயால் 'பிரச்சினை இல்லை' என்பதை ஏற்காதீர்கள்.

7. விலை கேட்கும்போது கொடுக்க வேண்டியதும் கேட்க வேண்டியதும்

ஒரு தாளில் இவற்றை எழுதி எல்லோருக்கும் ஒரே தாளை அனுப்புங்கள்: திரவம் கன்டென்சேட், இடம் பம்புக்குப் பின், சூடு, குறைந்ததும் கூடியதும், பம்ப் ஓடும்போது ஓட்டம், அழுத்தம், மின்கடத்துதிறன், குழாயின் உள்விட்டம், நேர்க்குழாய் எவ்வளவு இருக்கிறது, ஃப்ளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு) வகை, மின்சாரம் 24 வோல்ட்டா 230ஆ, மீற்றர் வெளியே அனுப்பும் சைகை 4–20 மில்லியம்பியரா துடிப்பா. குழாயைப் படமெடுத்து இணைத்தால் பாதிக் கேள்வி குறைந்துவிடும்.

ஃப்ளாஞ்சில் கவனம். ஒரு அங்குலத்தில் பிஎன்16, ஏஎஸ்ஏ150 என்ற இரண்டு ஃப்ளாஞ்ச் தரங்களுக்கும் நாலு துளைதான். பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். துளை வட்டத்தின் விட்டம் முதலாவதில் 85 மி.மீ., இரண்டாவதில் 79.4. போல்ட் போகாது. மீற்றர் ஒன்றில், கடையில் வாங்கிய ஃப்ளாஞ்ச் மற்றதில் என்று வந்தால் ஷட்டவுன் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

அவர்களிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டியவை: அளவுக் கணக்குத் தாள், அளவுப் படம், அந்தக் கருவியின் தொடர் இலக்கத்தோடு அளவுத்திருத்தச் சான்றிதழ், மின் இணைப்புப் படம், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்ற விபரம். சான்றிதழ் ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தினதா என்று பாருங்கள். கணக்காய்வுக்கு வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

8. பணமும் நாளும்

மேலிடத்தில் அனுமதி கேட்கும்போது இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 90 பாகையில் திரும்பும் ஒரு தொன் கன்டென்சேட்டை இழந்து, 30 பாகைக் கிணற்றுத் தண்ணீரைச் சேர்த்தால், அதைச் சூடாக்க ஏறத்தாழ 250 மெகாயூல் வேண்டும். 80 சதவீத வினைத்திறனுள்ள டீசல் பொயிலரில் அது 8 முதல் 9 லீற்றர் டீசல். உமி எரித்தால் 25 கிலோவுக்கு மேல். தண்ணீரும் மருந்தும் தனி. இன்றைய டீசல் விலையால் பெருக்கி, உங்கள் தொன்களாலும் பெருக்குங்கள். எங்கள் மேலாளர் இந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வைத்தார்.

செலவைக் கணக்கிடும்போது மீற்றரின் விலையோடு நிற்காதீர்கள். வடிகட்டி, மூன்று வால்வு, திரும்பா வால்வு, ரெடியூசர், ஃப்ளாஞ்ச், கேஸ்கெட், கேபிள், வெல்டிங் கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு மீற்றரின் விலையில் பாதிக்கு மேல் வந்தது. குழாய்ச் சாமான்களைக் கொழும்பில் பழைய சோனகத் தெருவில் வாங்கி லொறியில் ஏற்றிவிடலாம். இங்கே தனித்தனியாகத் தேடி அலைவதைவிட அது இலகு.

நீங்களே இறக்குமதி செய்தால் வங்கிக் கட்டணம், விமானக் கூலி, காப்புறுதி, சுங்கம், கிளியரிங் ஏஜென்ட், அதன் மேல் பெறுமதி சேர் வரி. அது 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். சுங்கத்தில் பொருளின் குறியீட்டு எண்ணை முன்பே பேசிவையுங்கள். திரவ ஓட்டத்தை அளக்கும் கருவிகள் 9026.10 இல் வரும், விநியோகத்தை அளக்கும் தண்ணீர் மீற்றர் போன்றவை 9028.20 இல். விலைப்பட்டியலில் ஒன்று, பிரகடனத்தில் ஒன்று என்று இருந்தால் பொருள் நின்றுவிடும், நாட்கூலி ஏறும். விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், விமானச் சரக்குச் சீட்டு, வரி செலுத்துநர் எண் எல்லாவற்றிலும் நிறுவனத்தின் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு எழுத்து மாறி நாலு நாள் போனது.

கொழும்பில் முகவர் மூலம் வாங்கினால் விலை சற்றுக் கூடும், இந்த அலைச்சல் இல்லை. ஒரே ஒரு மீற்றர் வாங்குபவர்கள் முகவரிடமே வாங்குங்கள். ஆனால் 'கையிருப்பில் உண்டு' என்றால் தொடர் இலக்கத்தைக் கேளுங்கள். உண்மையில் இருந்தால் உடனே சொல்வார்கள்.

நாளைப் பொறுத்தவரை, ஓடர் கொடுத்ததிலிருந்து கையில் கிடைக்க எங்களுக்கு ஒன்பது வாரம். குழாயை வெட்ட பொயிலர் நிற்க வேண்டும். பல தொழிற்சாலைகள் சித்திரைப் புத்தாண்டுக்குத்தான் நிற்கும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் ஜனவரியிலேயே ஓடர் போயிருக்க வேண்டும். சீனாவிலிருந்து வருவதென்றால் அவர்களுடைய புத்தாண்டு விடுமுறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. பூட்டும்போது

மீற்றரை வைத்துக்கொண்டு வெல்டிங் செய்யவே கூடாது. வெல்டிங் மின்சாரம் அதன் வழியே போனால் உள்ளே உள்ள மின்னணுப் பலகை அந்த இடத்திலேயே செத்துவிடும். மீற்றரின் அதே நீளத்தில் ஒரு குழாய்த் துண்டு செய்து, அதை வைத்து வெல்டிங்கை முடித்து, பம்பை ஓடவிட்டுக் குழாயைக் கழுவி, பிறகு துண்டை எடுத்துவிட்டு மீற்றரை வையுங்கள். அந்தத் துண்டை எறியாதீர்கள். மீற்றரை அளவுத்திருத்தத்துக்கு அனுப்பும் நாளில் தேவைப்படும்.

ஒழுங்கு இப்படி: பம்ப், திரும்பா வால்வு, மூடும் வால்வு, வடிகட்டி, நேர்க்குழாய், மீற்றர், நேர்க்குழாய், மூடும் வால்வு. சுற்றிப்போகும் பாதையில் ஒரு வால்வு. ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் மீற்றருக்குப் பின்னால் உள்ள வால்வில் குறையுங்கள், முன்னால் உள்ளதில் குறைத்தால் மீற்றருக்குள் கொதிக்கும். முன்னால் உள்ள மூடும் வால்வு எப்போதும் முழுதாகத் திறந்திருக்கட்டும். வோர்டெக்ஸுக்கு முன்னால் விட்டத்தின் 20 மடங்காவது, பின்னால் 5 மடங்கு நேர்க்குழாய் விட்டோம். ஒரு அங்குலத்துக்கு முன்னால் அரை மீற்றர். மின்காந்த வகைக்கு 5 மடங்கும் 3 மடங்கும் பொதுவாகப் போதும். உங்கள் மீற்றரின் கையேடு கூடக் கேட்டால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

சூடு வெளியேறாமல் குழாய்க்குச் சுற்றும் கம்பளியை மீற்றரின் தலையில் சுற்றாதீர்கள். தலையைப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள், கீழிருந்து ஏறும் சூடு அதில் படாது. பிறகு எங்கள் ஊர்க் காற்று. கச்சான் காலத்தில் பொயிலர் அறை அடுப்பு மாதிரி இருக்கும். மாரியில் உப்பு ஈரம் எல்லாவற்றுக்குள்ளும் போகும். கேபிள் நுழையும் துளையைக் கீழ்ப்பக்கமாக வைத்து, கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றுங்கள், தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். பயன்படுத்தாத துளைக்குப் பிளாஸ்டிக் மூடியோடு விடாமல் உலோக மூடி போட்டு இறுக்குங்கள். ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாது) என்று எழுதியிருப்பது மூடி இறுகியிருக்கும்வரைதான்.

10. சரிபார்த்து, எழுதத் தொடங்குங்கள்

முதலில் அமைப்பில் அடர்த்தியைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் குளிர்ந்த தண்ணீரின் 998 இருக்கும். 90 பாகையில் அது 965. மாற்றாவிட்டால் கிலோவில் காட்டும் எண் மூன்று சதவீதத்துக்கு மேல் கூடிக் காட்டும்.

பிறகு பம்பை நிறுத்துங்கள். மீற்றர் பூச்சியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குழாய் அதிர்கிறது, அல்லது திரும்பா வால்வு ஒழுகித் தண்ணீர் பின்னால் போகிறது. எங்களுக்கு பக்கத்துப் பம்பின் அதிர்வு வந்தது. குழாயை இரண்டு இடத்தில் சுவரோடு பிடித்துக் கட்டினோம், நின்றுவிட்டது.

அடுத்தது, மூன்றாவது படியில் செய்த டேங்க் கணக்கை அப்படியே மறுபடி செய்து, மீற்றரின் மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். நாலு நிமிடத்தில் 260 லீற்றர் என்று டேங்க் சொன்னபோது எங்கள் மீற்றர் 254 காட்டியது. கோடு பார்த்து அளக்கும் கணக்குக்கு அது போதும். வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் மீற்றரைக் குறை சொல்லும் முன் நேர்க்குழாயையும், அமைப்பில் போட்ட உள்விட்டத்தையும் பாருங்கள்.

பொயிலர் பதிவேட்டில் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் நாலு எண்: ஃபீட் தண்ணீர், புதிய தண்ணீர், கன்டென்சேட், டேங்கின் சூடு. நானா இப்போது ஐந்தாவதாக ஒன்றைத் தானாகவே எழுதுகிறார், எந்த ட்ரப் சீறுகிறது என்று.

வடிகட்டியை முதல் வாரத்தில் இரண்டு முறை கழற்றிப் பாருங்கள், பிறகு மாதம் ஒரு முறை. கழற்றும் முன் பம்பின் சுவிட்சில் பூட்டுப் போட்டு, இரண்டு பக்க வால்வையும் மூடி, கையால் தொடும் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். எங்கள் வலையில் முதல் தடவை ஒரு கைப்பிடி துருவும், வெல்டிங் குச்சியின் நுனி ஒன்றும் இருந்தன.